ஒப்பிட யார் இருந்தார்கள்? தாம்பரமும் மருந்துச் சான்றும்

சென்னை மின்ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். சானடோரியம் என்ற சிகிச்சை முறை வழக்கொழிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதை வழக்கொழித்த ஆய்வு நடந்ததும் இதே நகரத்தில்தான். அங்கிருந்து வடக்கே, சேத்துப்பட்டில். 1990களில் தாம்பரம் மருத்துவமனையில் இன்னொரு முயற்சியும் நடந்தது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சித்த மருந்துகள் கொடுத்துப் பார்க்கப்பட்டது. முதல் ஆய்வு உலகப் பாடநூல்களில் ஏறியது. இரண்டாவது, ஆதரவாளர்கள் புகழ, எதிர்ப்பாளர்கள் இகழ, தீராத வழக்காக நிற்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. நவீன மருத்துவம் அறிவியல், சித்தம் நம்பிக்கை என்பது ஒன்று. வெளிநாட்டு நிறுவனங்களின் பின்பலம் இருந்தது மேலேறியது, நாட்டு மருந்து ஓரங்கட்டப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே ஆய்வைப் பார்க்காமல் ஆய்வாளரைப் பார்ப்பவை. இக்கட்டுரையின் கேள்வி குறுகியது. இந்தச் சிகிச்சை கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் இதே நோயாளிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தந்த ஆய்வு என்ன பதில் வைத்திருந்தது?

1. காற்றும் ஓய்வும்

தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியவர் மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. ஆண்டு 1928. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் பல ஆண்டுகள் சானடோரியம் நடத்திய அனுபவத்தோடு திரும்பியவர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் சிறிது காலம் தங்கியிருந்தது அவருடைய மெண்டிப் மலை விடுதியில்தான். இராமானுஜனுக்கு இருந்தது காசநோயே அல்ல, அமீபாவால் வந்த கல்லீரல் நோய் என்று டி. ஏ. பி. யங் 1994இல் வாதிட்டார். அந்த வாதம் சரியோ தவறோ, சானடோரியக் காலத்து நோயறிதலும் சிகிச்சை மதிப்பீடும் எவ்வளவு தளர்வாக இருந்தன என்பதை அது நினைவூட்டுகிறது.

சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல உணவு: இம்மூன்றும்தான் மருந்து. 1937இல் அரசு அந்த இடத்தை எடுத்துக்கொண்ட பிறகும் அடிப்படை மாறவில்லை. தேறி வீட்டுக்குப் போனவர்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே இடம் கிடைத்தவர்கள் யார்? செலவுக்கு வழி உள்ளவர்கள், பயணம் செய்யத் தெம்பு உள்ளவர்கள், நோய் முற்றாதவர்கள். காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தேறக்கூடியவர்கள். அப்படித் தேறக்கூடியவர்களையே உள்ளே சேர்த்துவிட்டு, தேறினார்கள் என்று எண்ணிக்கை காட்டினால் அதிலிருந்து காற்றின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் உலகம் முழுவதும் சானடோரியங்கள் இந்தக் கணக்கில்தான் நின்றன.

2. சேத்துப்பட்டு, 1956

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து மருந்தைச் சோதிக்கும் வழக்கத்துக்குக் காசநோயே வழிகாட்டியது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 நோயாளிகள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. இந்த வெற்றியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஐந்தாண்டு கழித்து எண்ணியபோது இரு குழுக்களின் இறப்பும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. கிருமி ஒற்றை மருந்துக்குப் பழகிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தால் தவறான முடிவுதான் மிஞ்சியிருக்கும்.

மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்தால் கிருமி பழகுவது தடைப்படும் என்பது 1950களின் தொடக்கத்தில் தெளிவானது. ஐசோனியசிட் மலிவான மருந்து. கூடவே பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். மருந்து கையில் வந்துவிட்டது, படுக்கை இல்லை. இந்தியாவில் தொற்றும் நிலையிலிருந்த காசநோயாளிகள் பல லட்சம் பேர்; சானடோரியப் படுக்கைகளோ அவர்களில் மிகச் சிறு பகுதிக்கே போதும். வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் போதாதா என்ற கேள்வி அப்படித்தான் எழுந்தது.

அதற்காகவே 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள் எடுக்கப்பட்டார்கள். குலுக்கலில் ஒரு பாதிக்கு வீடு, மறுபாதிக்கு சானடோரியம். இரு பக்கத்துக்கும் ஓராண்டு அதே இரண்டு மருந்துகள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, செவிலியர், சத்தான சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு இட நெருக்கடி, அரைவயிற்றுச் சாப்பாடு, வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் முடிவு வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகக் கூடியிருந்தது. ஆனால் சளியில் கிருமி மறைந்த விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்குப் பரவுமே என்ற அச்சத்தையும் குடும்பத்தாரைத் தனியே கண்காணித்துச் சோதித்தார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு நோயாளி வீட்டில் இருந்ததால் கூடுதலாகப் பரவவில்லை.

இங்கே எடைக் கணக்கைக் கவனிக்க வேண்டும். எடை கூடுவதைத்தான் மருத்துவரும் நோயாளியும் குடும்பமும் தேறுவதன் அடையாளமாகப் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறோம். சென்னை ஆய்வில் எடை ஒரு பக்கம் சாய்ந்தது, சளிப் பரிசோதனை சமமாக நின்றது. எடையை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் சானடோரியம் வென்றிருக்கும். இந்த இடத்துக்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

3. விட்டுப்போன நிபந்தனை

சென்னை ஆய்வைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆய்வறிக்கை சொன்னது, தகுந்த சேவை ஏற்பாடு இருந்தால் பெரும்பாலான நோயாளிகளை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்பது. அந்தத் ‘தகுந்த சேவை’ எத்தகையது? முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவர்களைத் தேடிப் போனார்கள். நாடு தழுவிய காசநோய்த் திட்டம் 1962இல் தொடங்கியபோது வீட்டுச் சிகிச்சை என்ற முடிவு எடுத்துக்கொள்ளப்பட்டது. தேடிப் போகும் ஆட்கள் எடுத்துக்கொள்ளப்படவில்லை. நடுவில் மருந்தை நிறுத்தியவர்கள் பெருகினார்கள். சானடோரியம் தேவையில்லை என்று நிறுவப்பட்ட பிறகும் தாம்பரத்தில் படுக்கைகள் காலியாகவில்லை.

இன்னொரு நிபந்தனையும் இதே பாதையில் நழுவியது. மருந்தைத் தினமும் கொடுக்காமல், வாரத்துக்கு இரு முறை மருத்துவ ஊழியர் கண்முன்னே கொடுத்தாலும் பலன் குறையாது என்று சென்னை மையம் 1964இல் காட்டியது. அதன் வழித்தோன்றலாகவே 1997இல் தொடங்கிய திருத்திய தேசியத் திட்டம் வாரம் மூன்று முறை மருந்து என்ற முறையைக் கையாண்டது. 1964இல் சோதிக்கப்பட்ட நோயாளிகளின் உடலில் எச்.ஐ.வி. இல்லை. அது வந்த பிறகு கணக்கு மாறியிருக்கக் கூடும் என்ற ஐயம் பல ஆண்டுகள் நிலவியது. அதைத் தீர்த்ததும் சென்னை மையமே; 2011 முதல் அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நரேந்திரன் கோபாலன், சௌமியா சுவாமிநாதன் உள்ளிட்டோர் எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்த 331 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. தினசரி மருந்து பெற்றவர்களில் 91 விழுக்காட்டினருக்கும், வாரம் மூன்று நாள் பெற்றவர்களில் 77 விழுக்காட்டினருக்கும் நல்ல விளைவு. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி பழகிப்போனது இடைவெளி விட்டுப் பெற்றவர்களில் 4 பேருக்கு. தினசரிக் குழுவில் யாருக்கும் இல்லை. இந்த முடிவு அச்சேறும் முன்பே, 2017 அக்டோபரில், இந்தியா எல்லோருக்கும் தினசரி முறைக்கு மாறியிருந்தது.

தன் பழைய கண்டுபிடிப்பின் எல்லையைத் தானே சோதித்துக் காட்டிய நிறுவனம் என்பது இங்கே சிறிய செய்தியல்ல. தாமதம் உண்டு, அந்தத் தாமதத்துக்கு நோயாளிகள் விலை கொடுத்தார்கள். ஆனாலும் வழக்கு தீர்ந்தது.

4. எச்.ஐ.வி. வந்த ஆண்டுகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஏழாண்டு கழித்து, 1993இல், நெஞ்சகநோய் மருத்துவமனையாக மாறியிருந்த தாம்பரம் சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. வேறு மருத்துவமனைகள் தொடவே மறுத்த காலம் அது. எச்.ஐ.வி. உள்ளவர்களை முதலில் தாக்கும் நோய் பெரும்பாலும் காசநோயாக இருந்ததால் அவர்கள் நெஞ்சகநோய் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது இயல்பு. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். வெகுவிரைவில் நாட்டிலேயே மிகுதியான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றாகத் தாம்பரம் ஆனது.

கொடுக்க என்ன மருந்து இருந்தது? 1987இல் அமெரிக்கா ஜிடோவுடினுக்கு ஒப்புதல் தந்திருந்தது. 1996 முதல் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை மேலை நாடுகளில் இறப்பைச் சரித்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. மும்பையின் சிப்லா நிறுவனம் 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்று விலை சொன்ன பிறகே ஏழை நாடுகளில் இது பேசக்கூடிய காரியமாயிற்று. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக இந்தக் கூட்டுச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) கொடுக்கத் தொடங்கியது. அந்த எட்டில் தாம்பரமும் ஒன்று. 1993க்கும் 2004க்கும் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் தாம்பரத்து மருத்துவர்களின் கையில் காசநோய் மருந்தும், சந்தர்ப்பத் தொற்றுகளுக்கான மாத்திரைகளும் மட்டுமே இருந்தன.

5. மூன்று சித்த மருந்துகள்

அந்த வெற்றிடத்தில்தான் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த செ. நெ. தெய்வநாயகம் சித்த மருத்துவத்தை நாடினார். அவர் அலோபதி படித்த நெஞ்சகநோய் நிபுணர். சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். தேர்ந்தெடுத்தவை மூன்று: இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம். மூன்றும் சித்த மருத்துவர்கள் அறிந்த பழைய மருந்துகள். முதலாவதில் பாதரசமும் கந்தகமும் சேரும். மூன்றின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆங்கிலத்தில் ‘ரான்’ சிகிச்சை என்று பெயர் பரவியது. தெய்வநாயகமும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் இந்திய மருத்துவர்கள் சங்கத்தின் ஆங்கில இதழில் இதைப் பற்றிச் சுருக்கமாக எழுதினார்கள். பசி எடுத்தது, எடை கூடியது, தொற்றுகள் குறைந்தன, எதிர்ப்பாற்றலின் அளவுகோலான சி.டி.4 அணுக்கள் மேம்பட்டன என்பதே இச்சிகிச்சைக்காக வைக்கப்பட்ட வாதத்தின் சாரம்.

இம்முயற்சியைப் போலி மருத்துவத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். அந்த ஆண்டுகளில் எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக நாளிதழில் விளம்பரம் கொடுத்துச் சொத்தை எழுதி வாங்கியவர்கள் இருந்தார்கள். தெய்வநாயகம் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்தார், குறிப்பெடுத்தார், மருத்துவ இதழில் எழுதினார். எல்லோரும் ஒதுக்கிய நோயாளியின் படுக்கையருகே போனவர் என்ற பெருமை அவருக்கு உரியது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேள்வியைக் கேட்க வேண்டும். அவருடைய முயற்சி குலுக்கல் முறை ஒப்பீடாக அமையவில்லை. அப்படியிருக்க, நோயாளிகளிடம் தெரிந்த மாற்றத்தில் சித்த மருந்தின் பங்கு எவ்வளவு?

முதல் சிக்கல் காசநோய். எச்.ஐ.வி. நோயாளி தாம்பரத்துக்கு வருவதே பெரும்பாலும் காசநோய் முற்றி எலும்பும் தோலுமாக. காசநோய் மருந்து தொடங்கினால் சில வாரங்களில் காய்ச்சல் இறங்கும், பசி திரும்பும், எடை கூடும். மருத்துவமனைச் சாப்பாடும் அதில் சேரும். சென்னை ஆய்வு எடையைப் பற்றிக் கற்றுக்கொடுத்தது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. காசநோய் தணியும்போது சி.டி.4 எண்ணிக்கைகூடக் கொஞ்சம் ஏறக்கூடும். இரண்டு மருந்துகளும் ஒரே உடலில் ஒரே காலத்தில் வேலை செய்யும்போது, ஒன்றை மட்டும் பெற்ற குழு இல்லாமல் புகழை யாருக்குக் கொடுப்பது?

இரண்டாவது, சி.டி.4 என்ற அளவுகோலே நம்மை ஏமாற்றியிருக்கிறது. அதுவும் நவீன மருந்தின் விஷயத்தில். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் நடந்த கன்கார்ட் ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. அறிகுறி இல்லாத 1,749 எச்.ஐ.வி. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு உடனே ஜிடோவுடின். மற்றவர்களுக்கு நோய் தலைகாட்டிய பிறகு. உடனே பெற்றவர்களின் சி.டி.4 எண்ணிக்கை தொடர்ந்து மேலாகவே இருந்தது. மூன்றாண்டு முடிவில் உயிர் பிழைத்தவர் விகிதமோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்: உடனே பெற்றவர்களில் 92 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 94. பெரிய நிறுவனத்தின் விலையுயர்ந்த மாத்திரைக்கே இந்தக் கதி. ஆகவே சி.டி.4 ஏற்றத்தை மட்டும் காட்டிச் சித்த மருந்து வென்றது என்பதை ஏற்க முடியாது. ஏற்காதது சித்த விரோதமும் ஆகாது.

மூன்றாவது, திரும்பி வந்தவர்கள் யார் என்பது. தேறியவர் அடுத்த மாதம் மருந்து வாங்க வருவார். மோசமானவர் வர மாட்டார். நெல்லூரிலோ தருமபுரியிலோ வீட்டில் இறந்திருப்பார். மருத்துவரின் மேசைக்கு வருபவர்கள் எல்லோரும் தேறியவர்களாகவே இருப்பார்கள். மருத்துவரின் நேர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வராத ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று சேத்துப்பட்டு ஊழியர்களைப் போலத் தேடிப் போய் எழுதினாலொழிய இந்தச் சாய்வு நீங்காது. சுருக்கமாக வெளியான கட்டுரையைக் கொண்டு வாசகர் இதைச் சரிபார்க்க வழியில்லை.

வேறு மருந்தே இல்லாதபோது பாதிப் பேருக்குக் கொடுக்காமல் வைப்பது அறமா என்று ஆதரவாளர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதே பத்தாண்டில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில், எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்த 771 நோயாளிகள் அனைவருக்கும் காசநோய் மருந்து கொடுத்தார்கள். கூடவே ஒரு பாதிக்குக் கோட்ரைமாக்சசோல், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. கோட்ரைமாக்சசோல் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் மலிவான மருந்து. 1999இல் வந்த முடிவு: அது இறப்பை 46 விழுக்காடு குறைத்தது. தாம்பரத்து நோயாளிகளைப் போன்றவர்கள், தாம்பரத்தைப் போன்ற வறுமை. அங்கே கிடைத்த விடை உலகம் முழுவதும் வழிகாட்டு நெறியானது. எல்லோருக்கும் இருப்பதைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு கொடுப்பதை மட்டும் குலுக்கல் போடுவது 1990களின் தாம்பரத்திலும் இயலக்கூடியதாகவே இருந்தது.

2004க்குப் பிறகு அந்த வாய்ப்பு மூடிவிட்டது. உயிர் காக்கும் ஏ.ஆர்.டி. கையில் இருக்கும்போது அதைத் தராமல் சித்த மருந்தை மட்டும் சோதிப்பது குற்றம். அதனால்தான் ‘ரான்’ பற்றிய வாதம் இன்றும் வாதமாகவே இருக்கிறது. பயனற்றது என்று நிறுவவும் யாராலும் முடியவில்லை.

6. ஒற்றைக் குழு ஆய்வுகள்: ஓர் எதிர்வாதம்

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நவீன மருத்துவமே சில சமயம் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் மருந்துகளை ஏற்கிறதே? பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அண்மையில் வந்த சிகிச்சைகள் அப்படிப்பட்டவைதான். தென்னாப்பிரிக்காவில் பெடாக்குவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட் என்ற மூன்றையும் 109 பேருக்குக் கொடுத்த நிக்ஸ் ஆய்வில் ஒரே குழு. 2020இல் முடிவு வெளியானது. சென்னை நிறுவனத்தின் தலைமையில் இந்தியாவின் பல நகரங்களில் நடந்த பீட்-டிபி ஆய்விலும் ஒரே குழுதான். பெடாக்குவிலின், டெலமனிட், லினசோலிட், குளோஃபாசிமைன் ஆகியவற்றைப் பெற்ற 165 பேரில் கணக்கில் சேர்க்கத்தக்கவர்கள் 153. நல்ல விளைவு கண்டவர்கள் 139, அதாவது 90 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இவற்றை ஏற்றுக்கொண்டு தெய்வநாயகத்திடம் மட்டும் குலுக்கல் சீட்டு கேட்பது என்ன நியாயம்? எய்ட்ஸும் சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் குடிக்கும் நோய்தானே?

இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை. ஒப்பீட்டுக் குழு நேரில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; மருந்தில்லாமல் என்ன ஆகும் என்பது ஐயமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். கடும் எதிர்ப்புள்ள காசநோயில் பழைய மருந்துகளால் தேறியவர்கள் மிகச் சிலரே என்பது பல நாட்டுப் பதிவுகளில் உண்டு. 90 விழுக்காடு என்பது அந்தப் பின்னணியில் தற்செயலாக வரக்கூடிய எண் அல்ல. அளந்தது எடையை அல்ல, சளியில் கிருமி வளர்கிறதா என்பதை. சேர்ந்தவர் ஒவ்வொருவரும் கணக்கில் இருக்கிறார்கள்; விலக்கப்பட்டவர்கள்கூட. எச்.ஐ.வி.யோ பல ஆண்டுகள் மெல்ல நகரும் நோய். ஒருவருக்கு நான்காண்டு, இன்னொருவருக்குப் பன்னிரண்டு. அத்தகைய நோயில் சில மாதத்து முன்னேற்றத்தைப் பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டு எதையும் சொல்ல முடியாது.

அதோடு, ஒற்றைக் குழு ஆய்வுகளை அந்தத் துறையும் இறுதித் தீர்ப்பாக வைத்துக்கொள்ளவில்லை. நிக்ஸ் ஆய்வில் லினசோலிட்டின் நச்சு கடுமையாக இருந்தது. 81 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு, கை கால் மரத்துப்போதல். எந்த அளவு போதும் என்பதற்கு அடுத்து வந்த ஜெனிக்ஸ் ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் நாடுகளில் நடந்த பிராக்டிகல் ஆய்வு, பழைய சிகிச்சையை நேருக்கு நேர் ஒப்பிட்டு 2022 இறுதியில் முடிவு சொன்னது. நான்காவதாக மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த அந்தக் கூட்டுக்கு இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

இந்தப் புகழ்ச்சிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பெடாக்குவிலின் 2016 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி, சென்னை, மும்பை, அகமதாபாத், கௌகாத்தி என்ற ஐந்து நகரங்களில் மட்டுமே கொடுக்கப்பட்டது. பாட்னாவிலிருந்து டெல்லிக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, அவ்வூரில் வசிப்பவர் அல்லர் என்று மருந்து மறுக்கப்பட்டு, 2017 ஜனவரியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மருந்து கிடைத்தது, தாமதமாக. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். சான்று வரும்வரை காத்திருப்பதற்கும், சான்று வந்த மருந்தைப் பூட்டிவைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதற்கு அறிவியலைக் காரணம் காட்டுவது பொய்.

7. இன்றைய நிலை

தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. இருப்பது அதே தாம்பரம் சானடோரியத்தில். ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கினால் நெஞ்சகநோய் மருத்துவமனைக்கும் அதற்கும் நடந்து போய்விடலாம். ஆய்வு வழக்கமும் மாறி வருகிறது. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரை 60 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்த சித்த ஆய்வாளர்கள் முடிவை 2021இல் ‘டிரயல்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஒப்பீடு வைட்டமின் சி, துத்தநாக மாத்திரைகளோடு. ஆய்வு சிறியது. யார் எதை உண்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பங்கேற்றவர்கள் அறிகுறியற்றவர்கள். அளந்தது வைரஸின் அளவை, நோயின் போக்கை அல்ல. குறைகளை இப்படிப் பட்டியலிட முடிவதே ஒரு முன்னேற்றம். ‘ரான்’ விஷயத்தில் குறை எது, பலன் எது என்று பிரித்துச் சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று.

சட்டம் இதற்கு உதவுவதாக இல்லை. அலோபதியில் புதிய மருந்துக்கு 2019ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்படியான சோதனைகள் கட்டாயம். பழைய நூல்களில் உள்ள சித்த மருந்துக்கு நூலே சான்று. பலனை நிறுவும் ஆய்வு தேவையில்லை. இந்தச் சலுகையைச் சித்த மருத்துவத்துக்குக் காட்டும் மரியாதையாகப் பலர் கருதுகிறார்கள். என் கணிப்பில் அது அவமதிப்பு. சோதிக்கத் தகுதியற்றது என்று சொல்லாமல் சொல்வது அது.

இரண்டு காரியங்களை இப்போதே செய்யலாம். முதலாவது, 1993 முதல் 2004 வரை தாம்பரத்தில் சித்த மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் இருவரின் நோயாளிக் குறிப்பேடுகளில் எஞ்சியுள்ளவற்றைத் தமிழ்நாடு சுகாதாரத் துறை பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பாதியில் நின்றவர்கள், இறந்தவர்கள் குறிப்புகளும் சேர்ந்திருக்க வேண்டும். அவை இல்லாத தொகுப்பு பயன்படாது. இரண்டாவது, அடுத்தடுத்து இருக்கும் நெஞ்சகநோய் மருத்துவமனையும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வைப் பதிவு செய்யட்டும். எல்லா நோயாளிக்கும் தினசரி காசநோய் மருந்து. குலுக்கலில் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சித்த மருந்து, அது பாதரசம் சேராத நெல்லிக்காய் லேகியமாகவே இருக்கலாம். அளக்க வேண்டியவை சளிப் பரிசோதனை, கல்லீரல் சோதனை, ஈராண்டில் நோய் திரும்புவது, இறப்பு. முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் வெளியிடுவதாக இரு நிறுவனத் தலைவர்களும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே கையெழுத்திட வேண்டும்.